348 பேர் சாப்பிட்ட லித்தியம்

2008 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து ஒரு சேதி வந்தது. ஏஎல்எஸ் நோயாளிகள் 44 பேரை வைத்து அங்கே ஒரு சிறிய ஆய்வு நடந்திருந்தது. அவர்களில் 16 பேருக்கு வழக்கமான ரிலுசோல் மாத்திரையோடு லித்தியமும் கொடுத்தார்கள். மீதி 28 பேருக்கு ரிலுசோல் மட்டும். பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தபோது, லித்தியம் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. மற்ற குழுவில் பத்துக்கு மூன்று பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் இது கட்டுரையாக வந்தது.

இந்த நோய் புகுந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சேதி எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல, முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் டாக்டர்கள் இதை மோட்டார் நியூரான் நோய் என்பார்கள், சீட்டில் எம்என்டி என்று எழுதுவார்கள். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது இதுதான். 2014இல் ஆளாளுக்கு ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டது இந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத்தான். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், நாக்கு, தொண்டை என்று ஏதோ ஓரிடத்தில் தொடங்கி, கடைசியில் மூச்சுவிடும் தசைகளுக்கு வந்து சேரும். பெரும்பாலானோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். ஹாக்கிங் அரிய விதிவிலக்கு. பலருக்கு அறிவு கடைசி வரை தெளிவாகவே இருக்கும். நடப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

2008இல் இதற்கென்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து ரிலுசோல் ஒன்றுதான். 1995இல் வந்தது. சில மாதங்களை நீட்டித்துத் தரும், அவ்வளவே. அந்த நிலைமையில் 'ஒருவர்கூட இறக்கவில்லை' என்ற வரியைப் படித்தவர்கள், 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? அதுவும் லித்தியம் எங்கோ ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைத்த பொருள் இல்லை. மனநல மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இருமுனைக் கோளாறுக்கு எழுதிக் கொடுத்துவரும் பழைய மருந்து. விலையும் மலிவு. டாக்டர் ஒரு சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் கிடைத்துவிடும்.

ஆனால் ஆபத்து இல்லாத மருந்து அல்ல அது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த உடம்பு வேறு.

அப்படியும் மாதக் கணக்கு ஆவதற்குள் நூற்றுக்கணக்கானோர் லித்தியம் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இது வரையிலான கதை புதிதல்ல. கைவிடப்பட்டவர்கள் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை மருத்துவ உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இந்த முறை ஓடியவர்கள் தாங்கள் ஓடுவதைத் தாங்களே அளந்து எழுதிக்கொண்டு ஓடினார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு நோயாளியும், வேறொரு நோயாளியின் மகளும் சேர்ந்து, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், என்ன ஆகிறது என்று ஓர் அட்டவணை போட்டார்கள். அவர்கள் இருந்ததோ வேறு வேறு நாடுகளில். அந்த முயற்சி விரைவிலேயே, இதற்கென்றே கட்டி வைத்ததுபோல் இருந்த ஓர் இடத்துக்கு நகர்ந்தது. அதன் பெயர் பேஷண்ட்ஸ்லைக்மீ. 'என்னைப் போன்ற நோயாளிகள்' என்று பொருள்.

அந்த இடம் உருவானதும் இதே நோயால்தான். ஸ்டீபன் ஹேவுட் என்பவர் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கட்டுகிற தச்சர். ஒரு நாள் கதவுப் பூட்டில் போட்ட சாவியை அவருடைய வலது கையால் திருப்ப முடியவில்லை. 1998இல், 29 வயதில், ஏஎல்எஸ் என்று உறுதியானது. அவருடைய அண்ணன் ஜேம்ஸ் ஹேவுட், எம்ஐடியில் படித்த பொறியாளர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தம்பிக்கு மருந்து கண்டுபிடிக்க 1999இல் லாப நோக்கமற்ற ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டு அடித்தளத்தில் ஆரம்பித்த அந்த வேலை பெரிய எலி ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவர்கள் அதில் கற்றுக்கொண்ட பாடம் கசப்பானது. மற்ற ஆய்வுக்கூடங்கள் 'எலியிடம் பலன் தந்தது' என்று அறிவித்திருந்த மருந்துகள் உட்பட 70க்கும் மேற்பட்ட மருந்துகளை, ஏறக்குறைய 18,000 எலிகளிடம், பிழைக்கு இடம் வைக்காமல் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தக் கட்டுரை வெளிவந்ததும் 2008ஆம் ஆண்டில்தான். சிறிய ஆய்வுகள் எப்படி ஏமாற்றும் என்பதை இந்தக் குடும்பம் சொந்தக் காசிலும் சொந்தத் துக்கத்திலும் அறிந்திருந்தது.

2004இல் ஜேம்ஸும் இன்னொரு சகோதரர் பெஞ்சமினும் நண்பர் ஜெஃப் கோலும் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பேஷண்ட்ஸ்லைக்மீயைத் தொடங்கினார்கள். 2006இல் முதல் சமூகமாக ஏஎல்எஸ் நோயாளிகளுக்காக அது திறக்கப்பட்டது. ஸ்டீபன் அதே ஆண்டு நவம்பரில் 37 வயதில் இறந்துபோனார்.

அங்கே ஒருவர் சேர்ந்தால் முதலில் செய்வது தன்னை எண்ணில் சொல்வது. ஏஎல்எஸ் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் உண்டு. பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 48. பேச்சு எப்படி இருக்கிறது? எச்சில் வடிகிறதா? விழுங்க முடிகிறதா? கையெழுத்து? சாப்பாட்டைத் துண்டாக்குவது? உடுத்துவது? படுக்கையில் புரண்டு படுப்பது? நடை, மாடிப்படி, மூச்சு, மல்லாந்து படுக்கும்போது மூச்சு, கடைசியாக மூச்சுக்கருவியின் தேவை. ஒருவருடைய வாழ்க்கை கரையும் வரிசையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு பட்டியலை நான் பார்த்ததில்லை. 'புரண்டு படுக்க முடிகிறதா' என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் போடுகிற வீட்டில் இரவில் எத்தனை முறை யார் எழுந்துகொள்கிறார்கள் என்பது, அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த மதிப்பெண்களைத் தளம் ஒரு வரைபடமாக மாற்றிக் காட்டியது. அங்கன்வாடியில் குழந்தையின் எடையைக் குறித்து வைக்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் மற்ற குழந்தைகளின் வளர்ச்சி வளைகோடுகள், அவற்றின் மேல் நம் குழந்தையின் புள்ளிகள். இதுவும் அப்படியேதான், கோடு மட்டும் கீழ்நோக்கி இறங்கும். மற்ற நோயாளிகளின் வளைகோடுகளுக்கு நடுவே தன் கோடு எங்கே போகிறது என்று ஒருவர் பார்க்கலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மனித உருவம். எந்த உறுப்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நிறத்தால் சொல்லும்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஓர் எதிர்ப்பு எழும். சாகப்போகிறவர் கையில் இந்தக் கோட்டைக் கொடுப்பது கொடுமை இல்லையா? நம் வீடுகளில் நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கிறோம். 'அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்' என்று வெளியே வந்து கண்ணைக் காட்டுகிற பழக்கம் நமக்கு. அந்தத் தயக்கத்தின் அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கோட்டைப் பார்த்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2008இல் அந்த ஏஎல்எஸ் சமூகத்தின் உரையாடல்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை மூன்று விஷயங்களைக் கண்டது. தன்னைப் போன்றே வரைபடம் உள்ளவரைத் தேடிப் போய்க் குறிப்பான கேள்வி கேட்டார்கள். இன்னொருவரின் வரைபடத்தில் ஏதோ சிரமம் தெரிந்தால், கேட்காமலே போய் யோசனை சொன்னார்கள். ஒரே மாதிரி நோய் வழி உள்ளவர்கள் நண்பர்கள் ஆனார்கள்.

இரண்டாவது விஷயம் என் மனத்தில் தங்கிவிட்டது. மூச்சுக்கான மதிப்பெண் இறங்குவதைப் பார்த்து, கடல் தாண்டி இருக்கும் ஒருவர் 'மூச்சுக்கருவி முகமூடியைப் பற்றி டாக்டரிடம் கேட்டீர்களா?' என்று எழுத முடிகிறது. தான் நன்றாக இல்லை என்று சொல்லும் வெட்கத்தையும் களைப்பையும் அந்தக் கோடு அவருக்காகச் சுமந்துகொள்கிறது. வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதை எப்போது செய்வது, ஓயாமல் ஊறும் எச்சிலுக்கு எந்த மாத்திரை கேட்டது, எது வாயை வறட்டிவிட்டது என்பதெல்லாம் டாக்டரின் பத்து நிமிடத்தில் அடங்காதவை. அவற்றை அனுபவித்தவர் எங்கோ இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

இதே தளத்தில் பிறகு மற்ற நோய்களுக்கும் சமூகங்கள் வந்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள ஒருவர் தசை விறைப்புக்கு பேக்லோஃபென் மாத்திரையைப் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மட்டுமே எடுத்துவந்தார். அதற்கு மேல் கூடாது என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தன்னைப் போன்றவர்களில் பலர் அதைவிட மிக அதிகமாக எடுத்துச் சமாளிப்பதை அங்கே பார்த்துவிட்டு, தன் டாக்டரிடம் போய்ப் பேசினார், அளவு கூடியது, நடை தேறியது. கால்கை வலிப்பு உள்ளவர்களிடம் எடுத்து 2012இல் வெளியான கணக்கெடுப்பில், பதில் சொன்ன 221 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானோர், தளத்துக்கு வருவதற்கு முன் இதே நோய் உள்ள ஒருவரைக்கூடத் தாம் பேசும் அளவுக்கு அறிந்திருக்கவில்லை என்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது ஒருவராவது கிடைத்திருந்தார். வலிப்பு அரிய நோய் அல்ல. ஒவ்வொரு தெருவிலும் யாருக்காவது இருக்கும். வெளியே சொல்வதில்லை.

லித்தியத்துக்குத் திரும்புகிறேன்.

தளத்தில் லித்தியம் சாப்பிடுவதாகப் பதிவு செய்தவர்கள் 348 பேர். இவர்களை வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது பார்க்கும்போது சுலபம், செய்யும்போது கடினம். முறையான சோதனையில் நாணயம் சுண்டிப் போடுவதுபோல் ஆட்களைப் பிரிப்பார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இங்கே அது எதுவும் இல்லை. விரும்பியவர்கள் சாப்பிட்டார்கள், சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியும், மதிப்பெண்ணும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கல் நோயிலேயே இருக்கிறது. ஏஎல்எஸ் எல்லோரையும் ஒரே வேகத்தில் கொண்டுபோவதில்லை. ஒருவருக்கு மாதம் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று சரியும். இன்னொருவருக்கு ஆண்டு முழுக்க ஓரிரண்டுதான் குறையும். வேகமாகச் சரிகிறவர்கள் பயந்துபோய் லித்தியத்தைத் தேடிப் போயிருந்தால், மருந்து கெடுதல் செய்ததுபோலத் தெரியும். மெதுவாகச் சரிகிறவர்களே அதிகம் சாப்பிட்டிருந்தால், ஒன்றும் செய்யாத மருந்து அமிர்தம்போலத் தெரியும். இத்தாலி ஆய்வின் 16 பேருக்குள் என்ன நடந்திருக்கலாம் என்பதற்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

பால் விக்ஸ் தலைமையில் தளத்தின் ஆய்வாளர்கள் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வயதையும் ஆண் பெண்ணையும் மட்டும் வைத்து ஜோடி சேர்க்காமல், லித்தியம் தொடங்குவதற்கு முன் ஒருவருடைய கோடு எப்படி இறங்கி வந்தது என்று பார்த்தார்கள். அதே இறக்கம், அதே வளைவு உள்ள, லித்தியம் சாப்பிடாத மூன்று பேரைத் தேடினார்கள். போதிய தகவல் இருந்த 149 பேருக்கு, இப்படி 447 பேர். ஒரே பாதையில் இறங்கிவந்த நால்வரில் ஒருவர் மட்டும் ஒரு திருப்பத்தில் லித்தியத்தை எடுத்துக்கொள்கிறார். பன்னிரண்டு மாதம் கழித்து அவர் கோடு மற்ற மூவரின் கோட்டைவிட்டு மேலே விலகியதா?

விலகவில்லை. சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2011 ஏப்ரலில் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் இது வெளியானது.

முறையான சோதனைகளும் நடந்தன. அமெரிக்கா, கனடாவில் 84 பேரைச் சேர்த்திருந்த சோதனை, இடைக்கணக்கில் பலனுக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2010இல் அதன் முடிவு வந்தது. நெதர்லாந்தில் 133 பேர், 2012. பிரிட்டனில் 214 பேர், 2013. எல்லாவற்றிலும் கிடைத்த பதில், லித்தியம் பலன் தரவில்லை என்பதே. நோயாளிகள் வீட்டிலிருந்து எழுதிய கணக்கு சொன்ன பதிலும் அதுதான். அதற்காக இந்த வழி முறையான சோதனைக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையை எழுதியவர்களே அது மாற்றாகாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் வந்து பதிவு செய்கிறவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் மாதிரி ஆக மாட்டார்கள். முடியாமல் போகிறவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். எழுத்து நின்றது மருந்தை விட்டதாலா, தட்டச்சு செய்யும் விரல் நின்றதாலா, மூச்சே நின்றதாலா என்பது எப்போதும் தெரியாது.

இங்கே ஆதரவு என்ற சொல்லை நிறுத்திப் பார்க்கிறேன். நோயாளிச் சமூகங்கள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆறுதல். நீங்கள் தனியாக இல்லை, தைரியமாக இருங்கள், பிரார்த்திக்கிறோம். அது வேண்டும், அது இல்லாமல் முடியாது. ஆனால் ஆறுதலை மட்டும் கொடுக்கிற கூட்டத்தில் லித்தியம் என்ன ஆகியிருக்கும்? 'எனக்கு கை கொஞ்சம் தேவலை' என்று ஒருவர் எழுதுவார், பத்துப் பேர் வாழ்த்துவார்கள், நூறு பேர் மாத்திரை வாங்குவார்கள். தேறாதவர்கள் மற்றவர் மனத்தை உடைக்க வேண்டாமென்று பேசாமல் இருந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் மூலிகையும் கஷாயமும் இப்படித்தான் பரவுகின்றன. அவற்றை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனம் உள்ளவர்கள்தான். தேறாதவர்களின் மௌனத்துக்கு அங்கே இடம் இல்லை, அதுதான் குறை. இந்த ஏஎல்எஸ் சமூகத்தில் தேறாதவர்களும் மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் போட்டதால், அடுத்து வந்தவர்கள் வீணாக ரத்தம் கொடுத்து, சிறுநீரகத்தைப் பணயம் வைத்து, மிச்சமிருந்த மாதங்களை அந்த மாத்திரையின் பின்னால் கழிக்க வேண்டியிருக்கவில்லை. 'இது வேலை செய்யவில்லை' என்று உரிய நேரத்தில் சொல்வதும் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

இதன் மறுபக்கத்தையும் எழுதியே ஆக வேண்டும். பேஷண்ட்ஸ்லைக்மீ தொண்டு நிறுவனம் அல்ல. நோயாளிகளின் தகவல்களை, பெயர் விவரம் நீக்கி, மருந்து நிறுவனங்களுக்கு விற்றுத்தான் அது நடந்தது. அதை மறைக்காமல் சொல்லியும் வந்தது. 2010இல் வேறொன்று நடந்தது. மனநலம் பற்றி உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஒரு கணக்கு, எல்லாப் பதிவுகளையும் கணினி நிரல் வைத்து அள்ளிக்கொண்டிருந்தது. அது நீல்சன் என்ற ஊடக ஆய்வு நிறுவனத்துடையது என்று தெரியவந்தது. தளம் அதைத் தடுத்து, உறுப்பினர்களிடம் நடந்ததைச் சொன்னது. தங்கள் தகவலைத் தளமே விற்கிறது என்பதைச் சிலர் அப்போதுதான் சரியாகக் கவனித்தார்கள். சம்மதப் படிவத்தில் எழுதியிருந்ததும், அழுதுகொண்டு எழுதிய இரவில் மனத்தில் இருந்ததும் ஒன்றல்லவே.

பிறகு உரிமையும் கை மாறியது. 2017இல் ஐகார்பன்எக்ஸ் என்ற சீன நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2019இல் அமெரிக்க அரசின் அந்நிய முதலீட்டுக் குழு அந்தப் பங்கை விற்றே ஆக வேண்டும் என்றது. அதே ஆண்டு யுனைடெட்ஹெல்த் குழுமம், அதாவது நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு வணிகம், தளத்தை வாங்கியது. சகோதரனுக்காகச் சகோதரர்கள் திறந்த இடத்தில் தன் எச்சிலையும் மூச்சையும் பதிந்துவைத்த ஒருவர், அது ஒரு நாள் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார். சட்டப்படி தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சமூகத்தில் சேருகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாளைக்கு இது யாருடையது என்பதுதான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்கிற நிலையிலும் அவர்கள் இருப்பதில்லை.

அந்த 447 பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் லித்தியம் சாப்பிட்டவர்களைத்தான் சொல்வார்கள். அவர்களுக்காவது ஒரு நம்பிக்கை இருந்தது. இவர்கள் அந்த மருந்தை எடுக்கவில்லை, அதிலிருந்து எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் மீண்டும் மீண்டும் அந்தப் பன்னிரண்டு கேள்விகளுக்கு முன் உட்கார்ந்தார்கள். கை நின்றுபோன வீடுகளில் மனைவியோ மகனோ படித்துக் காட்டியிருப்பார்கள். எச்சில், மூன்று. விழுங்குவது, இரண்டு. புரண்டு படுப்பது, ஒன்று. தங்கள் கோடு முன்பின் தெரியாத ஒருவருடைய கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் வைத்துப் பார்க்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. 2011இல் கட்டுரை வந்தபோது அவர்களில் பலர் அதைப் படிக்க இருந்திருக்க மாட்டார்கள்.